ஒரே புள்ளி, இரண்டு மேசை: எல்லையோரத்திலிருந்து ஃபர்ம்ஸ் தீ வரைபடம் பற்றி

செயற்கைக்கோள் காணும் தீயைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடத்தை இலவசம் என்பதற்காகப் பாராட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு: பக்கத்துத் துறைக்காரரும் அதே படத்தைத்தான் பார்க்கிறார். காட்டுத்தீ விஷயத்தில் இரண்டு துறைகளுக்கு நடுவே வரும் சண்டைகளில் பாதி, “எங்களுக்குத் தகவலே வரவில்லை” என்பதில்தான் ஆரம்பிக்கும். இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் ஒரே புள்ளி தெரிந்துவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது. மீதிப் பாதிச் சண்டையை ஃபர்ம்ஸ் தீர்க்காது. சில சமயம் புதிதாக ஒன்றைக் கிளப்பியும் விடும். இரண்டையும் சொல்கிறேன்.

நான் தீயில் இறங்கி வேலை செய்கிறவள் இல்லை. தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றின் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வயர்லெஸ்ஸில் வருவதைக் குறித்து, வரைபடத்தில் போட்டு, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்வது என் வேலை. எங்கள் பகுதிக்கு ஒரு பக்கம் வனத்துறை, இன்னொரு பக்கம் வேறொரு நிர்வாகத்தின் தீயணைப்பு நிலையம். வனத்துறையோடு உள்ள எல்லை ஒரு மலைமுகட்டின் மேலாகப் போகிறது. முகட்டில் கோடு போட்டவர்களுக்குக் காகிதத்தில் அது வசதியாக இருந்திருக்கும். தீக்குச் சரிவு ஏறுவதுதான் பிடிக்கும். கீழிருந்து மேலே போகும்போது தனக்கு முன்னால் நிற்கும் புல்லையும் புதரையும் சுட்டுக் காயவைத்துக்கொண்டே போகும். அடிவாரத்தில் அவர்கள் தீயாகப் பிறந்தது, முகட்டுக்கு வரும்போது நல்ல வேகத்தில் எங்கள் தீயாகியிருக்கும். இந்த ஓர் ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: செயற்கைக்கோள்கள் அசாதாரண வெப்பமாகக் காணும் இடங்களை உலக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் இணையச் சேவை இது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நாசாவின் நிதியோடு உருவானது, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் கைகொடுத்தது. 2012-இல் நாசாவின் சொந்தத் தரவு அமைப்புக்குள் வந்து சேர்ந்தது. டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் பிக்சலில், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம் அந்த அளவில் இருக்கும்படி, பார்க்கும். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்றிலும் இருக்கும் வையர்ஸ் கருவியின் பிக்சல் 375 மீட்டர். டெரா 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டவை, வயதாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வையர்ஸிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

திறந்ததும் ‘இன்று’, ‘24 மணி நேரம்’, ‘7 நாள்’ என்று பொத்தான்கள் இருக்கும். மேம்பட்ட முறைக்குப் போனால் புள்ளிகளை நேரவாரியாக நிறம் பிரித்துப் பார்க்கலாம். எங்கள் மேசையில் எப்போதும் அந்த முறைதான். எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால் நேற்று அணைத்ததும் இப்போது எரிவதும் ஒன்றுபோலத் தெரியும். பார்க்கிறவருக்குப் பதற்றம்தான் மிஞ்சும். நிறம் பிரித்தால் தீ எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது ஓரளவு புலப்படும், அதாவது யாருடைய எல்லையை நோக்கிப் போகிறது என்பது.

ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் சில விவரங்கள் வரும். எந்தச் செயற்கைக்கோள், எத்தனை மணிக்குப் பார்த்தது, எவ்வளவு நம்பகம், தீ வெளிவிடும் வெப்பத் திறன் எத்தனை மெகாவாட். நம்பகத்தை மோடிஸ் 0 முதல் 100 வரை எண்ணாகத் தரும். வையர்ஸ் குறைவு, சாதாரணம், அதிகம் என்று மூன்றாகப் பிரிக்கும். பகலில் ‘குறைவு’ என்று வருவதில் கணிசமானவை சூரிய ஒளி எதிரொளித்ததால் வருபவை. மெகாவாட் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. செயற்கைக்கோளின் ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் புள்ளி விழுந்து, ஒன்றில் அந்த எண் பல மடங்கு இருந்தால், முதலில் எங்கே ஆள் போக வேண்டும் என்று பக்கத்துத் துறையோடு பேச அது ஒரு நியாயமான ஆரம்பம். ‘எங்கள் தீதான் பெரிது’ என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருப்பதை விட மேல்.

இந்தச் சேவையின் உயிர் மின்னஞ்சல் எச்சரிக்கையில் இருக்கிறது. ஒரு நாட்டையோ பாதுகாக்கப்பட்ட பகுதியையோ தேர்வு செய்யலாம். நாமே கட்டம் வரைந்தும் கொடுக்கலாம். உடனுக்குடன், தினம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று எது வேண்டுமோ அதைப் பெறலாம். எல்லாரும் இங்கே தங்கள் எல்லைக்கோட்டை அப்படியே வரைந்து வைத்துவிடுகிறார்கள். அது சரிப்படாது. கட்டம் பக்கத்துக்காரர் பகுதிக்குள் தாராளமாகப் போக வேண்டும். எவ்வளவு தூரம் என்பது காற்றையும் சரிவையும் பொறுத்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கு இரு பக்கமும் 25 கிலோமீட்டர் வரை ஒருவர் குழு மற்றவர் மண்ணில் இறங்கி அணைக்கலாம் என்று இருக்கிறது. ஆளையே அனுப்புகிறவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கும்போது, ஒரு கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைவதில் நமக்கு என்ன கஷ்டம்?

நாங்களும் வனத்துறை மேசையும் ஒரே கட்டத்தை, மூலைக்கு மூலை அதே ஆயத்தொலைகளை வைத்து, பதிவு செய்திருக்கிறோம். மின்னஞ்சல் வந்தால் இருவருக்கும் வரும். அந்தப் பக்கம் இரவுப் பணியில் ஒரு இளைஞர் இருப்பார்.

“அக்கா, முகட்டுக்குக் கீழ மூணு புள்ளி விழுந்திருக்கு. பார்த்தீங்களா?”

“பார்த்தேன் தம்பி. உங்க ஆளுங்க யாராச்சும் அந்தப் பக்கம் இருக்காங்களா?”

“ரோந்து வண்டி ஒண்ணு இருக்கு. போகச் சொல்லிட்டுக் கூப்பிடறேன்.”

இதற்கு முன்னால் இந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எங்கே, எந்த மலை, எந்த ஓடைக்கு மேற்கே என்று இடத்தைப் புரியவைக்கவே பல நிமிடம் போகும். அவர்கள் அந்த ஓடைக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். இப்போது இடம் பற்றிய பேச்சே கிடையாது. நேராக ‘யார் போவது’ என்பதற்கு வந்துவிடுகிறோம். எனக்கு இந்தச் சேவையின் மொத்தப் பயனும் இதுதான்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை நேரம். வையர்ஸ் சுமக்கும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ உள்ளூர் நேரம் பிற்பகல் 1:30, அதிகாலை 1:30 வாக்கில் தலைக்கு மேல் கடக்கின்றன. மூன்றும் கொஞ்சம் இடைவெளி விட்டு வரும். ஆனால் வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. பிற்பகல் 3 மணிக்குப் பிடித்த தீயை அடுத்த வையர்ஸ் சுற்று பார்க்கப் பாதி இரவு தாண்டிவிடும். மோடிஸ் நடுவில் ஒருமுறை பார்த்தால் உண்டு. பார்த்ததற்குப் பிறகும் உலகின் பெரும்பாலான இடங்களுக்குத் தரவு வந்து சேர 3 மணி நேரம் வரை ஆகலாம். அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும் 2021-இல் அமெரிக்க வனச் சேவையோடு சேர்ந்து தனிப் பதிப்பு தொடங்கினார்கள். அங்கே தரை நிலையங்கள் நேரடியாகச் சமிக்ஞையைப் பிடிப்பதால் மிக வேகமாக வந்துவிடுகிறது. நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே இடத்தின் மேல் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்களின் தரவையும் அடுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். அவை அடிக்கடி பார்க்கும், ஆனால் பிக்சல் பெரிது. முகட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற எங்கள் கேள்விக்கு அது உதவாது.

மேகம் மூடினால் தெரியாது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே தரையோடு ஊரும் தீ தெரியாமல் போகலாம். இரண்டு சுற்றுக்கு நடுவில் பிடித்து அணைந்த தீ பதிவே ஆகாது. ஆக, புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. ‘வரைபடத்தில் ஒன்றும் இல்லையே’ என்று பக்கத்து மேசை சொன்னால், ‘புகை கண்ணுக்குத் தெரிகிறது, ஆளை அனுப்புங்கள்’ என்பதே பதில். தொலைபேசியில் வரும் ஒரு ஆடு மேய்ப்பவரின் தகவலுக்கு எங்கள் மேசையில் புள்ளியைவிட மரியாதை அதிகம்.

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது. துறைகளுக்கு நடுவே பிரச்சினை கிளப்புவதும் இதுதான். வரைபடத்தில் தெரியும் புள்ளி, தீ எரியும் இடம் கிடையாது. தீ இருப்பதாகக் கருதப்படும் பிக்சலின் நடு மையம் அது. நேர் கீழே பார்க்கும்போது 375 மீட்டராக இருக்கும் வையர்ஸ் பிக்சல், செயற்கைக்கோள் ஒரு சுற்றில் பார்க்கும் பட்டையின் ஓரத்தில் 800 மீட்டர் அளவுக்கு விரிந்துவிடும். மோடிஸ் இன்னும் மோசமாக விரியும். எல்லை ஒரு முகடாக இருந்தால், அவர்கள் சரிவில் எரியும் தீயின் புள்ளி எங்கள் சரிவில் விழலாம். எங்களுக்கு அப்படி ஒருமுறை நடந்தது. புள்ளி எங்கள் பக்கம், தீ அவர்கள் பக்கம். ‘படத்திலேயே உங்கள் எல்லைக்குள்தானே இருக்கிறது’ என்று அங்கிருந்து ஒருவர் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செலவு எந்தக் கணக்கில், அறிக்கை யார் எழுதுவது என்பதெல்லாம் பின்னால் இருப்பதால் இப்படிப் பேச்சு வரும். எங்கள் ஆட்கள் அதற்குள் முகட்டுக்கு ஏறிப் பார்த்து, தீ எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் எண்ணோடு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள், விவாதம் முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு மேசையும் ஒன்று எழுதி வைத்துக்கொண்டோம்: எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விழும் எந்தப் புள்ளியும் இருவருடைய புள்ளி. யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் முதலில் போவார்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த ஞானம் ஒன்றும் இல்லை. தீயணைப்புத் துறைகள் பல இடங்களில் நெடுங்காலமாகச் செய்வதுதான். கேட்ட பிறகு உதவிக்குப் போவது ஒரு வகை. கேட்காமலேயே, அழைப்பு வந்த கணத்திலேயே அருகில் இருக்கும் குழு கிளம்பிவிடுவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். யார் தலைமை, எந்த அலைவரிசை, அடிபட்டால் யார் காப்பீடு, வண்டி பழுதானால் யார் பொறுப்பு, எல்லாமே. தீ எரியும்போது உட்கார்ந்து பேசக் கூடிய விஷயங்கள் இல்லை அவை. 1947-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் பெரும் தீயில் வெந்த பிறகு, வடகிழக்கு மாநிலங்கள் 1949-இல் இப்படி ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டன. பிறகு நாட்டின் எல்லையைத் தாண்டி, கனடாவின் கியூபெக்கும் நியூ பிரன்ஸ்விக்கும் அதில் சேர்ந்துகொண்டன.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபர்ம்ஸ் போன்ற ஒரு கருவியை வாங்கி வைத்தால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்கும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். வராது. 1970-இல் கலிஃபோர்னியாவில் 13 நாட்களில் 16 பேர் இறந்தார்கள். 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 5 லட்சம் ஏக்கருக்கு மேல் சாம்பலானது. ஆளும் வண்டியும் குறைவாக இருந்தது மட்டும் அங்கே சிக்கல் இல்லை. உதவிக்கு வந்த துறைகள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை, தனிச் சொல், தனி அதிகார வரிசை. அந்த அனுபவத்தில்தான் மத்திய, மாநில, உள்ளூர்த் துறைகள் சேர்ந்து ஃபயர்ஸ்கோப் என்ற திட்டத்தைத் தொடங்கின. இன்று உலகில் பல நாடுகள் பின்பற்றும் சம்பவக் கட்டளை முறை அதிலிருந்து வந்தது. தீ இரண்டு துறைகளின் நிலத்தில் எரிந்தால் இரண்டு தலைமையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும், வயர்லெஸ்ஸில் சங்கேத எண் இல்லாமல் எல்லாருக்கும் விளங்கும் மொழியில் பேச வேண்டும், ஒரே மேலாளரின் கீழ் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த முறையின் ஆசைதான். அந்த ஒன்றைத்தான் ஃபர்ம்ஸ் இன்று யாருக்கும் காசில்லாமல் தருகிறது. மற்றவை எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை.

படத்தால் தீராத விஷயம் எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு, கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1991-இல் பிடித்த தீ. 25 உயிர்கள் போன அந்தத் தீக்கு அக்கம்பக்கத்து நிலையங்கள் எல்லாம் வண்டியோடு ஓடி வந்தன. வந்தவர்களின் குழாய் இணைப்பு இரண்டரை அங்குலம். ஓக்லண்டின் நீர்க்குழாய் வாய் 3 அங்குலம். மாற்று இணைப்பு கையில் இல்லாதவர் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றும் தண்ணீர் எடுக்க முடியாமல் நின்றார். வயர்லெஸ் அலைவரிசைகளும் திணறின. உங்கள் பக்கத்து நிலையத்தின் குழாய் இணைப்பு உங்கள் பம்போடு பொருந்துமா என்று நீங்கள் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்? எந்தச் செயற்கைக்கோளும் அதைச் சொல்லாது.

மூன்றாவது குறையை நான் குறை என்று சொல்லலாமா தெரியவில்லை. புள்ளி வெப்பத்தைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டாது. எரிமலையும் புள்ளிதான், எண்ணெய்க் கிணற்றில் எரியவிடும் வாயுவும் புள்ளிதான். எங்களுக்கு அடிக்கடி தலைவலியாக இருந்தது பக்கத்துத் துறையே திட்டமிட்டு வைக்கும் தீ. கோடைக்கு முன்னால் காய்ந்த சருகையும் புல்லையும் குறைக்க, தீத்தடுப்புக் கோடுகளை (தீ தாண்டாதபடி செடி கொடி நீக்கிய பட்டைகளை) ஒட்டி அவர்களே எரிப்பார்கள். நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. நம்மிடம் சொல்லாமல் செய்தால் மின்னஞ்சல் வரிசையாக வந்து விழும். ஒரு வண்டி கிளம்பி, பாதி வழியில் திரும்பும். இப்போது எரிக்கப் போகும் நாளையும் இடத்தையும் முந்தின நாளே எழுதி அனுப்புகிறார்கள். நாங்களும் அப்படியே. அந்த ஒரு கடிதத்தால் இரண்டு துறைக்கும் கிடைத்த நிம்மதி, மென்பொருளில் எத்தனை வசதி சேர்த்தாலும் வராது. நிலையான வெப்ப இடங்களுக்கும் பொதுப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம்: சூளை, ஆலைப் புகைபோக்கி, குப்பை மேடு. புதிதாகப் பணிக்கு வருகிறவர்கள் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

புள்ளியின் நேர முத்திரை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். அற்பமாகத் தெரியும். ஒரு மேசை யுடிசியில் குறித்து, இன்னொன்று உள்ளூர் நேரத்தில் குறித்தால், கூட்டு அறிக்கை எழுதும்போது தீ இரண்டு முறை பிடித்ததாக ஆகிவிடும். நள்ளிரவுச் சுற்றில் தேதியே மாறி நிற்கும். இரண்டு துறையும் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

புள்ளிகளை எண்ணிப் பரப்பளவு சொல்லும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். தீ ஒரு பிக்சல் முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்பதில்லை. 1000 சதுர மீட்டர் அளவில் எரிவதையே மோடிஸ் வழக்கமாகக் கண்டுபிடித்துவிடும். அப்படி ஒரு சின்னத் தீயும் வரைபடத்தில் ஒரு புள்ளி. ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்க எரிந்தாலும் ஒரு புள்ளி. எரிந்த பரப்பைக் கணக்கிட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஃபர்ம்ஸ்காரர்களே சொல்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு தீக்காலத்திலும் இரண்டு துறை இரண்டு கணக்குச் சொல்லும், பத்திரிகை மூன்றாவது கணக்குச் சொல்லும்.

உயிரையும் உடைமையையும் காப்பாற்ற இந்தத் தரவை நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அவர்களே பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சிலர் அதைச் சட்டத்துக்குப் பயந்து போட்டது என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காட்டுக்குள் நிற்கும் குழுவுக்கு வேண்டியது நான்கு: பார்த்துச் சொல்ல ஒரு கண்காணிப்பாளர், அறுந்து போகாத தொடர்பு, தப்பும் வழி, போய் நிற்கப் பாதுகாப்பான இடம். அமெரிக்கத் தீயணைப்பு வீரர் பால் கிளீசன் 1991-இல் இந்த நான்கையும் சுருக்கிச் சொன்னார். இன்றும் காட்டுத்தீப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதில் எதுவும் மூன்று மணி நேரப் பழைய புள்ளியால் கிடைக்காது. குழுத்தலைவர் யாராவது கைபேசியில் ஃபர்ம்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, தீ எங்கே என்று அதில் தேடினால், அங்கிருந்து ஆட்களைப் பின்வாங்கச் சொல்வேன். அவருக்குத் தகவல் சொல்ல வேண்டியது முகட்டில் நிற்கும் கண்காணிப்பாளர். அவர் பக்கத்துத் துறை ஆளாக இருந்தால், அவர் கையில் நம் அலைவரிசை இருக்க வேண்டும்.

இன்னொரு பயனைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு அது மிகவும் பிடித்தது. பழைய தரவு முழுவதும் கிடைக்கிறது. மோடிஸில் 2000 நவம்பரிலிருந்து, சுவோமி என்பிபியின் வையர்ஸில் 2012 ஜனவரியிலிருந்து. கோடைக்கு முந்தைய கூட்டுக் கூட்டத்தில் இந்தப் பல வருடப் புள்ளிகளை எல்லைக்கோட்டோடு சேர்த்துத் திரையில் போட்டோம். அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. புள்ளிகள் முகட்டின் ஒரு குறிப்பிட்ட கணவாயை ஒட்டி வருடா வருடம் குவிந்திருந்தன. அந்தக் கணவாய் எங்கள் திட்டத்தில் ‘அவர்கள் பகுதி’, அவர்கள் திட்டத்தில் ‘எங்கள் பகுதி’. தீத்தடுப்புக் கோட்டை அவர்கள் ஒரு இடத்தில் நிறுத்தியிருந்தார்கள், நாங்கள் வேறு இடத்தில் தொடங்கியிருந்தோம். நடுவில் ஒரு இடைவெளி. இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த இடைவெளியைச் செதுக்கி மூடினோம். வாக்குவாதமே வரவில்லை, ஏனென்றால் அந்தப் படம் அவர்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. மூன்றாவது ஆள் எடுத்த படத்தோடு சண்டை போடுவது கடினம்.

மதிப்பெண் கேட்டால்: இரண்டு துறைகள் பகிர்ந்துகொள்ளும் படமாக ஐந்துக்கு ஐந்து. பழைய தீயைப் படிக்கும் ஆவணமாக ஐந்துக்கு நாலரை. எச்சரிக்கை மணியாக இரண்டு, அதுவும் தாராள மனதோடு. கைபேசியில் பயன்படுத்தச் சுகமில்லை. அடுக்குகளைத் தேடித் திறப்பதற்குள் விரல் நாலு தவறான இடத்தைத் தொட்டிருக்கும். மேசைக் கணினியில் நன்றாக ஓடுகிறது. தரவைக் கோப்பாக இறக்கி நம்முடைய வரைபட மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. எல்லைக்கோடு, நீர்நிலை, வண்டி போகும் பாதை எல்லாம் நம்மிடம்தானே இருக்கிறது.

என் ஆசை ஒன்று. புள்ளியின் மேல் குறிப்பு எழுத வழி வேண்டும். ‘பார்த்தாகிவிட்டது, சூளை’ என்றோ ‘வனத்துறை வண்டி போய்க்கொண்டிருக்கிறது’ என்றோ ஒரு மேசை எழுதினால் மற்றது பார்க்க வேண்டும். உலகம் முழுக்கத் திறந்திருக்கும் வரைபடத்தில் இது நடக்காது, புரிகிறது. நாங்கள் அதற்குப் பதில் இரு துறைக்கும் பொதுவான ஒரு தாளைப் பகிர்ந்து வைத்து, புள்ளி விழுந்த நேரம், முதலில் அழைத்தவர், போன குழு, நேரில் கண்டது என்று வரிசையாக நிரப்புகிறோம். முரட்டு வழிதான், வேலை செய்கிறது.

உங்கள் பகுதிக்குப் பதிவு செய்வதாக இருந்தால் தனிநபர் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பக்கத்துத் துறையில் ஒருவர் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் எச்சரிக்கை அவருக்கே போய்க்கொண்டிருந்தது, மேசையில் இருந்தவருக்கு எதுவும் வரவில்லை. பணி மாறினாலும் மேசையில் திறந்திருக்கும் பொது முகவரியைக் கொடுங்கள். கட்டத்தின் ஆயத்தொலைகளைப் பக்கத்துத் துறைக்கு எழுதி அனுப்பி, அவர்களையும் அதே எண்களை இடச் சொல்லுங்கள். முதல் மின்னஞ்சல் வந்ததும் அவர்களுக்கும் வந்ததா என்று ஒரு அழைப்புப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.